பொருள்: இம்ப்ரெஷனிச ஆற்றோவியங்களின் தூரிகை முறைக்குத் தமிழ்ச்சொல்: 'பிரிதீற்றல்'?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் மாட்ட ஓவியப் படிகள் வாங்குவோருக்கான கையேட்டில் ஒரு சொல் தடையாக நிற்கிறது. வண்ணங்களைக் கித்தான்மேல் குழைத்து இழைக்காமல், தனித்தனித் தீற்றல்களாக அருகருகே விடும் முறை. பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியர் மோனே 1869-இல் பாரிஸுக்கு மேற்கே செய்ன் ஆற்றில் வரைந்த 'லா க்ரெனுயேர்' எங்கள் எடுத்துக்காட்டு. 'விழிக்கலவை', 'உடைநிறம்' இரண்டும் கைவசம் உள்ளன. எது பொருந்தும்?

---

> 'விழிக்கலவை'

வேண்டாம் ஐயா. அது பார்ப்பவர் கண்ணில் நடப்பது. நமக்கு வேண்டியது ஓவியர் கை செய்வதற்கான பெயர். இந்த ஓவியத்தில் கண்ணும் கலப்பதில்லை. முன்புறத் தண்ணீரைப் பாருங்கள்: கருமையும் பழுப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாகக் கிடக்கின்றன. கரையோரம் அகலமாக இருப்பவை, தொலைவு செல்லச் செல்ல மெலிந்து நெருங்குகின்றன. இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் ஒவ்வொன்றும் தனியே தெரியும். அந்த ஆறு அசைவது அதனால்தான். கண்ணில் கலக்கட்டும் என்றே புள்ளி வைத்தவர் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான சேரா ('லா கிராந்த் ஜாத்' ஓவியம், 1884–86). இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வாசகர் குழம்புவார்.

'உடைநிறம்' என்றால் சேலையின் நிறம் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

என் பரிந்துரை 'பிரிதீற்றல்'. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. 'பிரித்தீற்றல்' என்று அச்சேறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கத்தில் 'கலக்காத வண்ணம்' என்றும் எழுத வேண்டாம். வண்ணம் குழைக்கும் தட்டில் கலப்பது உண்டு, கித்தான்மேல் தேய்ப்பதுதான் இல்லை. உலோகப் பூண் போட்ட தட்டைத் தூரிகையில் வண்ணத்தை நிறைய எடுத்து, ஒரே இழுப்பில் வைத்து, கையை எடுத்துவிட வேண்டும். ஈரம் காயுமுன் அதே இடத்தில் மறுபடி இழுத்தால் அடிவண்ணம் கிளம்பிச் சேறாகிவிடும். நிறம் மாற்றும்போதெல்லாம் தூரிகையைத் துணியில் துடைப்பதும் இதற்காகவே.

---

> என் பரிந்துரை 'பிரிதீற்றல்'

எனக்கும் உடன்பாடே. கையேட்டுக்கு இந்தச் சொல் உடனே பயன்படும். நல்ல படியா என்று சோதிக்க, பிரிதீற்றல் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள மூலத்தின் அளவு 74.6 × 99.7 செ.மீ. அதை ஏ4 தாளில் அச்சிட்டால் அகலம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும், ஒன்றரை செ.மீ. தீற்றல் நாலரை மி.மீ. ஆகிவிடும். அப்போது ஆறு வெறும் நீலப் பரப்பு. அகலம் 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. முழு அளவில் அச்சிட, அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வைத்தால், கோப்பு ஏறத்தாழ 5,900 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். சிறிய கோப்பை இழுத்துப் பெரிதாக்கினால் தீற்றலின் ஓரங்கள் மழுங்கும், அதோடு முறையே மறைந்துவிடும்.

பளபளப்புத் தாளும் சாதாரணக் கண்ணாடியும் எதிர்ச்சன்னலைக் காட்டும். மேட் தாள் நல்லது. 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீலம் மங்கிப் பழுப்போடு ஒட்டிக்கொள்ளும். 4000 கெல்வின், நிறக்காட்டுத்திறன் (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு, CRI) 90-க்கு மேல் உள்ள எல்இடி போடுங்கள். நேர்வெயில் படும் சுவர் வேண்டாம், மை வெளுக்கும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145–150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நாற்காலியில் அமர்ந்தே பார்க்கும் அறையென்றால் இன்னும் தாழ்த்தலாம். மாலையில் ஓசையில்லாமல் அதன் எதிரே உட்கார்ந்திருக்க, இந்தத் தண்ணீர் அத்தனை தகுதி உள்ளது.

வினைவடிவம் 'பிரித்துத் தீற்று' என்றே இருக்கலாம். 'தீற்றலகலம்' என்ற துணைச்சொல்லும் தேவைப்படும். அதற்கு மாற்று இருந்தால் எழுதுங்கள்.