கேட்டதைவிடக் குறைத்து மானியம்: ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

செம்மண்காரி எழுதியது:

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில், அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன் எங்கள் துறைக்கு ஆய்வுக் கட்டமைப்பு மானியம் கேட்டு மத்திய அரசுத் துறை ஒன்றுக்கு விண்ணப்பித்தோம். கேட்டது 94 லட்சம். பவுடர் எக்ஸ்ஆர்டி கருவி ஒன்று (தூள் மாதிரி மேல் எக்ஸ்ரே பாய்ச்சிப் படிக அமைப்பைப் பார்ப்பது), அதற்கான ஏசி, யுபிஎஸ், மின் வேலை, நாலைந்து கணினி, ஐந்து வருஷப் பராமரிப்பு. சென்னையில் நிபுணர் குழு முன்னால் போய்ப் பேசினேன். பன்னிரண்டு நிமிஷம் என்றார்கள், ஏழாவது நிமிஷமே “சரி, அடுத்தவர்” என்றார்கள். ஊற்றிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டுதான் பல்லவன் ரயிலில் ஊர் திரும்பினேன்.

போன வாரம் மின்னஞ்சல் வந்தது. 68 லட்சத்துக்குப் பரிந்துரைத்திருக்கிறார்களாம். திருத்திய பட்ஜெட், நிறுவனத் தலைவரின் உறுதிமொழி, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் 15 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், அப்புறம்தான் அனுமதி ஆணை. அன்றைக்கே துறையில் எல்லாருக்கும் கந்தரப்பம் வாங்கிக் கொடுத்தாயிற்று. வீட்டுக்குப் போய் இணைப்பைத் திறந்து வரி வரியாகப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கருவிக்கு 60, கணினிக்கு 3, பராமரிப்புக்கு 5. ஏசி, யுபிஎஸ், மின் வேலை மூன்றுக்கும் நேரே பூஜ்யம். பக்கத்தில் “நிறுவனம் ஏற்பாடு செய்துகொள்ளும்” என்று ஒரு வரி.

கருவிக்கு நாங்கள் வாங்கி வைத்திருக்கும் கொட்டேஷன் 52 லட்சம். வரி சேர்க்காதது, யூரோ கணக்கு, வாங்கி 14 மாதம் ஆகிறது. எங்களுக்கு ஒதுக்கியிருக்கும் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரியின் பழைய பகுதி ஒரு செட்டியார் குடும்பம் தானமாகக் கொடுத்த வீடு. தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பார்க்கிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். காலியாக இருப்பது மாடி அறை மட்டும்தான், ஏறுவதற்கு மரப்படி. சித்திரை மாதம் மூன்று மணிக்கு அங்கே போனால் சுவரே மூச்சு விடுவது மாதிரி அனல் அடிக்கும். சாயங்காலமானால் வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிடும்.

முதல்வர், “வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பாதேம்மா, முதலில் கையெழுத்துப் போடுவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். செயலர் மகளைப் பார்க்க சிங்கப்பூர் போயிருக்கிறார். இந்தக் கட்டத்தில் ஏதாவது மாற்றிக் கேட்டால் மொத்தத்தையும் ரத்து செய்துவிடுவார்களா? இன்னும் 9 நாள் இருக்கிறது.

---

மாதிரிப்பொட்டலம் எழுதியது:

கருவியே வேண்டாம் என்பேன். ஐ-ஸ்டெம் தளத்தில் பாருங்கள், நாட்டில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி வெளியாருக்குக் கிடைக்கும் என்று போட்டிருக்கும். மாதிரியைப் பொட்டலம் கட்டிக் கூரியரில் அனுப்பினால் சில நூறு ரூபாயில் எக்ஸ்ஆர்டி எடுத்துத் தந்துவிடுவார்கள். நான் பிஎச்டி முடித்ததே அப்படித்தான். மானியத்தில் வாங்கி மூன்றாம் வருஷம் போர்வை போர்த்தி வைத்த கருவிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

---

செம்மண்காரி எழுதியது:

நானும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், ரிசல்ட் வர ஆறு வாரம் ஆகிறது. எம்எஸ்சி பிள்ளைகளுக்கு ஒரு செமஸ்டரே நாலு மாதம். கருவி வேண்டுமா என்ற பேச்சைத் தாண்டி வந்துவிட்டோம் சார்.

---

ஐந்தொகை எழுதியது:

அம்மா, நான் ஆராய்ச்சிக்கூடத்துக் கணக்குப் பிரிவில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கோட்டையூர்க்காரன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயப்படாதீர்கள். வந்திருப்பது பரிந்துரைக் கடிதம், ஆணை இன்னும் வரவில்லை. திருத்திய பட்ஜெட் அனுப்பு என்று அவர்களே கேட்கிறார்கள் என்றால், நீங்கள் பேச வேண்டிய நேரம் அதுதான். ஆணை அச்சாகிவிட்டால் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு ஒரு ரூபாய் மாற்றுவதற்கும் டெல்லிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு பக்கக் கடிதத்தில் முடிகிற வேலைக்கு அப்போது எட்டு மாதம் ஆகும்.

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. 68-ஐ 80 ஆக்குங்கள் என்று எழுதாதீர்கள். அப்படி எழுதிய கடிதங்கள் எதுவும் பலித்து நான் பார்த்ததில்லை. 68-ஐ அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இடம் மாற்றிக் கேளுங்கள். குழு சம்மதித்த மொத்தத் தொகையைத் தாண்டாத வரை கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கும் தலைவலி இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 52 லட்சத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் 9 லட்சத்து 36 ஆயிரம். கூட்டினால் 61 லட்சத்து 36 ஆயிரம். சுங்கம், எல்சி (விற்பவருக்கு வங்கி கொடுக்கும் பண உறுதிக் கடிதம்) திறக்க வங்கிக் கமிஷன், துறைமுகத்தில் கிளியரிங், அங்கிருந்து லாரி இவை எதுவும் இன்னும் சேரவில்லை. யூரோ ஏறியிருந்தால் அது வேறு. ஆக ஏசி, யுபிஎஸ் பிரச்சினைக்கு முன்னால் கருவிக்கே உங்களிடம் பணம் இல்லை. முதல்வரிடம் இந்த ஒரு கூட்டலை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

இந்த வரி விஷயத்தில் சூடுபட்டவன் நான். ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கருவி வாங்க 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை முன்பு இருந்தது. 2022 ஜூலை 18-ஆம் தேதியோடு அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் சமயம் எனக்குத் தெரிந்த ஒரு துறையில் 40 லட்சம் ரூபாய்க் கருவிக்கு ஆர்டர் போட்டு, கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். 13 சதவீத வித்தியாசம், 5 லட்சத்து 20 ஆயிரம். அதற்கு எந்தத் தலைப்பிலும் ஒரு காசு கிடையாது. கல்லூரி வேறு எதற்கோ வைத்திருந்த வைப்புநிதியை உடைத்துத்தான் பெட்டியை எடுத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், பட்ஜெட்டில் கருவி விலை, வரி, சுங்கம், வங்கிச் செலவு என்று தனித்தனி வரியாக எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதினால் வெட்டுகிறவருக்கு வசதி.

மூலதனம், பொது என்று இரண்டு தலைப்பு வரும். கருவி, யுபிஎஸ், ஏசி, கணினி எல்லாம் மூலதனம். பராமரிப்பு, இதர செலவு பொது. பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று கொடுக்கிற பயன்பாட்டுச் சான்றிதழும் இரண்டுக்கும் தனித்தனி, மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (ஜிஎஃப்ஆர்) உள்ள 12-ஏ படிவத்தில். பணத்துக்கு வட்டி வந்தால் அது உங்களுடையது இல்லை, அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும். இப்போது பல திட்டங்களில் பணம் நம் கணக்கில் வந்து உட்காருவதும் இல்லை. செலவழிக்கும் வரம்பு மட்டும்தான் வரும், மார்ச் 31 தாண்டினால் மிச்ச வரம்பும் போய்விடும். எனவே முதல் வருஷமே முழு மூலதனமும் வேண்டுமா, இரண்டாகப் பிரித்து வேண்டுமா என்பதையும் யோசித்து எழுதுங்கள். ஜனவரியில் ஆணை வந்தால் மார்ச்சுக்குள் டெண்டர் முடித்துக் கருவியை இறக்கவே முடியாது.

அடுத்தது அந்த “நிறுவனம் ஏற்பாடு செய்துகொள்ளும்” வரி. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சாமான் பரப்பும்போது ஒருவர் சிட்டையை, அதாவது சாமான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கரண்டி வரைக்கும் எண்ணிச் சரிபார்ப்பார். சம்பந்திகள் எவ்வளவு நெருக்கம் என்றாலும் சிட்டை சிட்டைதான். அந்த ஒற்றை வரிக்கும் ஒரு சிட்டை போடுங்கள். எத்தனை டன் ஏசி, எத்தனை கேவிஏ யுபிஎஸ், கேபிள் எத்தனை மீட்டர், மொத்தம் எவ்வளவு ரூபாய், எந்த மாதத்துக்குள். அதை வைத்து நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு முதல்வர் உறுதிமொழியில் கையெழுத்துப் போடட்டும். தீர்மானம் இல்லாமல் போட்டால் நாளைக்கு முதல்வர் மாறுவார், செயலர் மாறுவார். திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று உங்கள் பெயர் மட்டும் தாளில் இருக்கும்.

செயலர் சிங்கப்பூரில் இருந்தால் என்ன, சுற்றறிக்கை முறையில் தீர்மானம் போட உங்கள் விதிகளில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனப் பங்கு என்பது நம் ஊருக்குப் புதிதா? சிக்ரியை, அதான் நம் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை, இங்கே கொண்டுவர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறப்பு. இடமும் பணமும் முன்னால் வந்தன, கருவிகள் பின்னால்தான் வந்தன. உங்கள் செயலரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்.

---

சில்லர் எழுதியது:

ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார், நான் கருவிப் பக்கம் சொல்கிறேன். எக்ஸ்ஆர்டி லேப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

மாடி வேண்டவே வேண்டாம். பெரிய மாடல் அரை டன்னுக்கு மேல் இருக்கும். மரப்படியில் எப்படி ஏற்றுவீர்கள்? ஏற்றினாலும் பழைய மரக்கட்டுத் தளம் அதைத் தாங்குமா என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். கீழே ஒரு அறையைக் காலி பண்ணுங்கள், ஸ்டோர் ரூமானாலும் பரவாயில்லை.

எக்ஸ்ரே குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர் சுற்ற வேண்டும், அந்தத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் தனி. சில்லர் விலை உங்கள் 52-க்குள் இருக்கிறதா என்று கொட்டேஷனைத் திரும்பப் பாருங்கள். “விருப்பத் தேர்வு” என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் லேபில் முதல் வருஷம் போர் தண்ணீரை ஊற்றி உள்ளே உப்புப் படிந்து, மூன்று மாதம் மெஷின் நின்றது. இதைச் செய்தது நான்தான், இப்போது பெயரே சில்லர்.

மேசை மேல் வைக்கிற மாடல்களும் இருக்கின்றன. 600 வாட் குழாய், சிங்கிள் ஃபேஸ் போதும், குளிர்விப்பு பல மாடல்களில் உள்ளேயே இருக்கும், விலையும் இறங்கும். பவுடர் மட்டும் என்றால் எம்எஸ்சி, பிஎச்டி வேலைக்குத் தாராளம். ஆனால் மாடலை மாற்றுவதென்றால் இப்போதே குழுவிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் எக்ஸ்ரே குழாய் பெரும்பாலும் அடங்காது, அது தேய்பொருள் என்பார்கள். மாற்றினால் சில லட்சம். 5 லட்சத்தை வைத்து ஐந்து வருஷம் ஓட்ட முடியாது. மூன்று வருஷம் என்று சொல்கிற வாரண்டியை ஐந்தாக்கி, அதைக் கருவி விலைக்குள்ளேயே கொண்டுவரச் சொல்லிக் கம்பெனியிடம் பேசுங்கள். ஆர்டர் போடுவதற்கு முன்தான் அவர்கள் இறங்கி வருவார்கள். அப்புறம், எக்ஸ்ரே கருவி என்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈலோரா தளத்தில் கல்லூரியைப் பதிவு செய்ய வேண்டும். அதை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.

---

மாதிரிப்பொட்டலம் எழுதியது:

போர்வை எப்படி வருகிறது என்று இப்போது புரிகிறதா? குழாய்தான்.

---

செம்மண்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஆறு நாள் ஓடிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

ஐயா சொன்ன அந்தக் கூட்டலைத் தாளில் எழுதி முதல்வர் மேசையில் வைத்தேன். இரண்டு முறை அவரே கூட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சிங்கப்பூருக்கு வாட்ஸாப்பில் கூப்பிட்டார். செயலர் முதலில், “கவர்மெண்டு கொடுக்கிற கருவிக்கு நாம் எதற்கு ஏசி போடணும்?” என்றார். அழகப்பர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அவரோடு என்னைச் சேர்க்காதீங்கம்மா, சரி, எவ்வளவுன்னு சிட்டை அனுப்புங்க” என்றார். சுற்றறிக்கைத் தீர்மானத்துக்கு எங்கள் விதியில் இடம் இருக்கிறது. ஏழு உறுப்பினரில் ஐந்து பேர் மெயிலில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். கல்லூரிப் பங்கு 4 லட்சம், மூன்று ஃபேஸ் இணைப்பும் கீழ் அறையின் மராமத்தும் அதற்குள்.

கீழே பழைய விளையாட்டுச் சாமான் அறை கிடைத்தது. உடற்கல்வி சார் என்னோடு பேசுவதில்லை, அது தனிக் கதை.

மேசை மாடலுக்குப் புதுக் கொட்டேஷன் 41 லட்சம், ஐந்து வருஷ வாரண்டியோடு. வரி, சுங்கம், கிளியரிங் எல்லாம் சேர்த்து 52-க்குள் நிற்கிறது. 60-இல் மிச்சம் 8 லட்சத்தை யுபிஎஸ், ஏசி என்று இரண்டு வரியாகப் பிரித்து, மொத்தம் அதே 68-தான் என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். பராமரிப்பு 5 லட்சத்தைத் தொடவில்லை, குழாய்க்கு என்று பக்கத்தில் குறிப்பு வைத்திருக்கிறேன்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்வது மெல்லிய படலங்களில். பெரிய மாடலில் அதற்கென்று இணைப்பு இருந்தது, மேசை மாடலில் இல்லை. வாங்கப்போகிற கருவி வேதியியல்காரர்களுக்குத்தான் அதிகம் உதவும். என் படலங்களுக்கு நான் பழையபடி பொட்டலம் கட்ட வேண்டியதுதான், மாதிரிப்பொட்டலம் சார் சிரிக்கலாம்.

நேற்று சாயங்காலம் மெயிலிலும் ஸ்பீடு போஸ்டிலும் போய்விட்டது. ஒரு கேள்வி மட்டும்: உள்ளே குளிர்விப்பு இருக்கிற மாடலுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். எங்கள் ஆர்ஓ தண்ணீர் போதுமா?

---

சில்லர் எழுதியது:

ஆர்ஓ வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர், அதுவும் கம்பெனி கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அது. கேன் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் யாராவது குடித்துவிடுவார்கள்.

---

ஐந்தொகை எழுதியது:

அனுப்பிய கடிதத்தின் நகலையும் போஸ்ட் ஆபீஸ் ரசீதையும் ஒரே கோப்பில் வையுங்கள் அம்மா. மீதி இரண்டு உறுப்பினரின் சம்மதத்தையும் வாங்கிவிடுங்கள்.