சி5 கார்வெட் ஆட்டோ கியர்பாக்ஸ்: ரீபில்ட் செய்வதா, வேறு பெட்டி மாற்றுவதா?

ஹூஸ்டன்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2001 மாடல் கார்வெட் (சி5 தலைமுறை), எல்எஸ்1 எஞ்சின், 4எல்60இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. கொஞ்ச நாளாக மூன்றாவது கியர் பிடிக்கவில்லை. ஒன்று, இரண்டு நன்றாக இழுக்கிறது, மூன்றுக்கு மாற வேண்டிய இடத்தில் நியூட்ரலில் விழுந்தது போல ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது. ரிவர்ஸில் ஒரு குறையும் இல்லை. கடைகளில் விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றிய பெட்டி மலிவாக இருக்கிறது என்கிறார் ஒருவர், இருப்பதையே பிரித்து ரீபில்ட் செய்யலாம் என்கிறார் இன்னொருவர். இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஆறு கியர் மேனுவல் போடு என்கிறான் நண்பன். எங்கே கேட்டாலும் கழற்றி மாட்டும் கூலியே பெரிய தொகையாக வருகிறது, அது ஏன் என்றும் புரியவில்லை. ரேஸுக்கெல்லாம் போவதில்லை, வாரக்கடைசியில் ஓட்டுவதுதான், வீட்டிலும் எடுப்பார்கள். வண்டியை விற்கும் எண்ணம் துளியும் இல்லை.

பழையவி8:
தம்பி, முதலில் எது போயிருக்கிறது என்று பார்ப்போம், எந்தப் பெட்டி என்பது அப்புறம். ரிவர்ஸும் இரண்டாவதும் நன்றாக இருக்கின்றன என்றால் சன் ஷெல் (உள்ளே சுழற்சியைக் கடத்தும் உலோகக் கூடு) உடையவில்லை. அது உடைந்தால் இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் சேர்ந்தே போய்விடும். மூன்று மட்டும் வழுக்குகிறது என்றால் மூன்றையும் நான்கையும் பிடிக்கும் 3-4 கிளட்ச் எரிந்திருக்கிறது. இந்தப் பெட்டியில் முதலில் போவது பெரும்பாலும் அதுதான். நான்காவதுக்கும் அதே கிளட்ச் என்பதால் அதையும் இனி எதிர்பார்க்க வேண்டாம்.

கிளட்ச் பிளேட் சும்மா எரியாது. கிளட்சை அழுத்திப் பிடிக்கும் ஆயில் அழுத்தம் எங்கேயோ கசிகிறது, இல்லையென்றால் போதுமான அழுத்தமே வரவில்லை. கிளட்ச் பிளேட் அடுக்கியிருக்கும் டிரம்முக்குள் பிஸ்டன் சீல் காய்ந்து இறுகியிருக்கலாம், ஆயிலை வழிப்படுத்தும் வால்வ் பாடியில் துளை தேய்ந்திருக்கலாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான பிரஷர் சோலனாய்டு சோர்ந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் புது பிளேட்டை மட்டும் அடுக்கி மூடினால் அதுவும் எரியும்.

டேஷ்போர்டிலேயே கோடு (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்) படிக்கலாம். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட விடாமல், ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃப்யூவல் பொத்தானை நான்கு தடவை தட்டுங்கள், ஒவ்வொரு மாட்யூலாகக் காட்டும். 10 என்று ஆரம்பிப்பதைப் பாருங்கள், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கவனிக்கும் கம்ப்யூட்டர் அதுதான்.

கூலி ஏன் அதிகம் என்றால், சி5-இல் கியர்பாக்ஸ் எஞ்சினுக்குப் பின்னால் இல்லை, வண்டியின் பின்பக்கம், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதை வெளியே எடுக்க எக்ஸாஸ்ட்டைக் கழற்றி, பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான கிரேடிலையே கீழே இறக்க வேண்டும். சாதாரண காமரோவில் வேலை செய்கிற மாதிரி இதில் முடியாது.

டல்லாஸ்கியர்:
அண்ணன் சொன்ன கூலி விஷயத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. இவ்வளவு செலவு செய்து இறக்கி ஏற்றும் இடத்தில் யாரோ ஓட்டித் தீர்த்த பெட்டியை மாட்டக் கூடாது. மலிவு என்று வாங்கி, ஆறு மாதத்தில் அதே 3-4 கிளட்ச் போனால் கூலியை முழுசாக இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை நான் பார்த்திருக்கிறேன், உரிமையாளர் வெறுத்துப்போய் விற்றே விட்டார்.

இன்னொன்று, லாரி, பிக்கப்பில் வருகிற 4எல்60இ ஊரெல்லாம் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சி5 பெட்டியின் பின்பக்கம் நேராக டிஃபரென்ஷியலில் மாட்டும்படி அமைந்தது, பிக்கப் பெட்டி அப்படியே பொருந்தாது. உள்ளே இருக்கும் கிளட்ச், டிரம், சோலனாய்டு எல்லாம் பெரும்பாலும் பொதுச் சாமான்தான், 1993-லிருந்து எத்தனையோ ஜிஎம் வண்டிகளில் வந்த பெட்டி. அதனால் உங்கள் பெட்டியையே ரீபில்ட் செய்யச் சாமானுக்குப் பஞ்சம் இருக்காது.

மூணுபெடல்:
மேனுவல் ஆசைக்கு நான் எதிரி இல்லை, நான் ஓட்டுவதே மேனுவல் சி5 தான். ஆனால் மாற்றுவது என்றால் வெறும் பெட்டி மட்டும் இல்லை. ஆட்டோவில் கிளட்சுக்குப் பதிலாக ஆயில் மூலம் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பின்னால் பெட்டியோடு இருக்கும், மேனுவலில் கிளட்ச் முன்னால் எஞ்சினோடு இருக்கும், ஆகவே எஞ்சினையும் பின்னால் இருக்கும் பெட்டியையும் இணைத்து நடுவில் ஓடும் டார்க் டியூபே வேறு. ஃப்ளைவீல், பெடல், கிளட்சுக்கு ஹைட்ராலிக், கம்ப்யூட்டர் டியூனிங் என்று பட்டியல் நீளும். டிஃபரென்ஷியலும் மாற வேண்டும். ஆட்டோவில் சாதாரணமாக 2.73 ரேஷியோ, மேனுவலில் 3.42. ஆறாவது கியரே 0.50 என்னும்போது 2.73-ஐ வைத்துக்கொண்டு ஹைவேயில் ஆறாவதைப் போட்டால் எஞ்சின் திணறும். வீட்டிலும் ஓட்டுவார்கள் என்கிறீர்களே, அவர்களுக்குக் கிளட்ச் மிதிக்க விருப்பமா என்று முதலில் கேளுங்கள். விருப்பமில்லை என்றால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

ஹூஸ்டன்வாசி:
மிக்க நன்றி. கோடு படித்தேன், 10-இல் பி1870 வந்தது. பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றிப் பார்த்ததில் ஆயில் கறுத்து, தீய்ந்த நாற்றம் அடிக்கிறது, காந்தத்தில் சாம்பல் நிறத்தில் சேறு போல ஒட்டியிருக்கிறது, அடியில் கறுப்புத் துகள்கள். மேனுவல் வேண்டாம் என்று வீட்டில் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் ரீபில்ட்தான். கடைக்காரரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

பழையவி8:
பி1870 என்பது உள்ளே ஏதோ வழுக்குகிறது என்று சொல்லும் கோடு. இந்தப் பெட்டியில் அது வந்தாலே வால்வ் பாடியில் கன்வெர்ட்டர் கிளட்சை (கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் கிளட்ச்) இயக்கும் வால்வ் ஓடும் துளை தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வார்ப்பு அலுமினியத்தில் வால்வ் ஓயாமல் ஆடி ஆடித் துளை அகன்றுவிடும். துளையைச் சீவி ஸ்லீவ் போடுவீர்களா, இல்லை வால்வ் பாடியையே மாற்றுவீர்களா என்று கேளுங்கள். "கழுவி மாட்டிவிடுவோம்" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

கன்வெர்ட்டரைப் பழையதே போதும் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பார்த்த அந்தத் துகள் எல்லாம் அதற்குள்ளும் போயிருக்கும். ரேடியேட்டரில் இருக்கும் கூலரையும் அதன் பைப்பையும் ஃப்ளஷ் செய்தே ஆக வேண்டும், முடிந்தால் தனியாக ஒரு கூலரும் போடச் சொல்லுங்கள், ஹூஸ்டன் வெயிலிலும் நெரிசலிலும் இந்தப் பெட்டிக்குச் சூடுதான் எமன். உள்ளே பழைய சன் ஷெல்லை எடுத்துவிட்டுக் கெட்டியானதைப் போடச் சொல்லுங்கள், பெட்டி பிரிந்து கிடக்கும்போது அதற்குக் கூடுதல் செலவு சொற்பம்தான்.

டல்லாஸ்கியர்:
அதோடு டார்க் டியூபையும் மறக்காதீர்கள். அதற்குள் ரப்பர் கப்ளிங், பேரிங் எல்லாம் இருக்கின்றன, இந்த வயதில் ரப்பர் வெடித்திருக்கும். இப்போதே மாற்றாவிட்டால் பிற்பாடு அதற்காகவும் கிரேடிலை இறக்க வேண்டி வரும். வாரண்டி விஷயத்தில், சாமானுக்கு மட்டுமா, இறக்கி ஏற்றும் கூலிக்கும் சேர்த்தா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்த வண்டியில் கூலிக்கு இல்லாத வாரண்டி கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வண்டி திரும்பி வந்ததும் ஆயில் அளவைச் சரிபாருங்கள். இதில் டிப்ஸ்டிக் கிடையாது, லிஃப்டில் ஏற்றி, மட்டமாக வைத்து, எஞ்சின் ஓடும்போதே பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் அதைச் செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.