கொல்லை வேலை: நாமே பார்ப்பதா, ஆள் விடுவதா?

காவிரிக்கரை:
பாபநாசம் பக்கம் எங்கள் வீடு. பின்னால் பத்து சென்ட் கொல்லை, ஆறு தென்னை, இரண்டு முருங்கை, கொஞ்சம் வாழை. கார்த்திகை மழை விட்டதும் புல் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது, கிணற்றடி முழுக்கக் கோரை. விளக்கு வைத்த பிறகு அம்மா பின்கதவைத் திறக்கவே பயப்படுகிறார். எனக்குத் தஞ்சாவூரில் வேலை, ஞாயிறு மட்டும்தான் வீடு. மெஷினோடு வந்து வெட்டுகிறவர் மணிக்கணக்கில் கூலி கேட்கிறார். கொடுத்து முடித்துவிடலாமா, இல்லை ஞாயிறுதோறும் நானே செய்யலாமா?

மன்னை ராஜா:
தம்பி, புல்லுக்கு மெஷின் சரி. கோரைக்கு அந்தக் கூலி வீண். மேலே வெட்டினால் அடியில் இருக்கும் கிழங்கு மறுபடி துளிர்த்துவிடும், ஈரம் காய்வதற்குள் களைக்கொத்தால் நோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். மணிக்கூலிக்கு வருகிறவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை, அதனால் கிணற்றடியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது, எடுத்த இடத்தில் சேம்போ வாழையோ வைத்து மூடிவிடுங்கள்.

அப்புறம், பூட்ஸ் போடாமல் இறங்காதீர்கள். நம் பக்கம் கண்ணாடி விரியன் உண்டு. கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது எதுவும் வேண்டாம், உடனே 108.

பேராவூரணி தென்னை:
எல்லாரும் புல்லையே பேசுகிறீர்கள், தென்னையை யார் பார்ப்பது? 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பக்கம் எத்தனை தோப்பு சாய்ந்தது என்று தெரியும், நிற்கிற மரத்தையாவது ஒழுங்காகப் பார்க்கணும். மரம் ஏறுவதற்குக் கட்டாயம் ஆள்தான். தென்னை வளர்ச்சி வாரியத்தில் பயிற்சி எடுத்து மெஷினில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், விசாரியுங்கள். ஆனால் அவர் ஏறும்போது நீங்கள் கீழே நிற்க வேண்டும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று பச்சை மட்டையையும் சேர்த்துக் கழித்துவிடுவார்கள், அந்த வெட்டுக்காயத்தின் வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். காய்ந்த மட்டை மட்டும் போதும். பச்சை மட்டையை வெட்டியே ஆகணும் என்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஏறினவரையே குருத்தில் காண்டாமிருக வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து மட்டை இடுக்கில் போட்டு வாருங்கள். அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள், உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவரிடம் பேரம் பேசாதீர்கள்.

ஒரத்தநாடு:
ஆள் வைப்பதென்றால் நேரம் பார்த்துக் கூப்பிடுங்க. ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் கொல்லை வேலைக்கு ஒருத்தரும் வரமாட்டார், சம்பா நடவிலும் அதே கதைதான். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருக்கும், அப்போது ஒரே ஆளைப் பிடித்து வருஷம் முழுக்க அவரையே கூப்பிடுங்க. எங்கே தண்ணீர் நிற்கும், எந்த மரம் சரியில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும்.

காவிரிக்கரை:
சரி, புல்லுக்கும் மரத்துக்கும் ஆள், கோரை என் பொறுப்பு. கழிக்கிற மட்டையை எரித்துவிடலாமா?

பேராவூரணி தென்னை:
எரிக்காதீங்க. நறுக்கித் தென்னைப் பாத்தியிலேயே பரப்புங்க, கோடையில் ஈரம் நிற்கும். எருக்குழி இருந்தால் அவ்வப்போது கிளறிப் பாருங்க, காண்டாமிருக வண்டின் புழு அதற்குள்தான் வளரும். வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும், பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடலாம்.