உள்ளங்காலில் ஆடிய மனிதர்: சென்னையில் ஃபுட்சால் லீக்கின் முதல் சீசன், ஜூலை 2016

வடசென்னைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு மைதானம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. கூடைப்பந்துக்காகப் போட்டு, ஓரங்களில் விரிசல் விட்டுப்போன சிமெண்டுத் தளம் ஒன்றுதான் இருக்கிறது. கால்பந்துப் பயிற்சியும் அதில்தான். அந்தத் தளத்தில் பையன்களிடம் நான் ஓயாமல் சொல்லிவந்த ஒரே வாக்கியம், "மிதிக்காதடா, தட்டி எடு" என்பது. வரும் பந்தை உள்ளங்காலால் அமுக்கி நிறுத்துவது தெருவில் படியும் கெட்ட பழக்கம், பாதத்தின் உட்பக்கத்தால் மென்மையாக வாங்குவதே முறை என்று புல்தரையில் பதினொரு பேர் ஆட்டம் ஆடி வளர்ந்த எனக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். அதையே நானும் கற்றுத்தந்துகொண்டிருந்தேன்.

2015 டிசம்பரில் நம் ஊரின் 'சென்னையின் எஃப்சி' அணி, கோவா அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வென்று ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துக் கோப்பையைக் கொண்டுவந்திருந்த உற்சாகம் ஊரில் இன்னும் ஆறவில்லை. அந்தச் சமயத்தில்தான் 2016 ஜூலையில் ப்ரீமியர் ஃபுட்சால் என்ற புதிய லீக் தொடங்கியது. ஃபுட்சால் என்பது பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து. சென்னை, மும்பை, கொச்சி, கோவா, கொல்கத்தா, பெங்களூரு என்று ஆறு அணிகள், சென்னையிலும் கோவாவிலும் ஆட்டங்கள். போர்ச்சுகலின் முன்னாள் கால்பந்து நட்சத்திரம் லூயிஸ் ஃபிகோ முன்னின்ற இந்த லீக்குக்கு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லை. செய்தித்தாளில் அந்தச் சர்ச்சையும் ஓடிக்கொண்டிருந்தது. பையன்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை? பிரேசில் நட்சத்திரம் ரொனால்டினோ வருகிறாரா என்பதுதான் அவர்களின் கேள்வி. அவர் வந்தார், ஆனால் கோவா அணிக்கு. மும்பைக்கு ரயன் கிக்ஸ், பெங்களூருக்கு பால் ஸ்கோல்ஸ், கொல்கத்தாவுக்கு ஹெர்னான் கிரெஸ்போ. நம் சென்னைக்குக் கிடைத்தவர் ஃபால்காவ்.

ஆசிரியர் ஓய்வறையில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. கொலம்பியாவின் முன்கள வீரர் ரடாமெல் ஃபால்காவ் வருவதாகவே நானும் நினைத்து, நான்கு பேருக்குச் சொல்லியும் விட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இவர் பிரேசிலின் ஃபுட்சால் ஆட்டக்காரர், 2008, 2012 உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தவர், வயது 39 என்பதெல்லாம் டிக்கெட் வாங்கிய பிறகு தெரிந்துகொண்டவை.

தொடக்க வார இறுதியில் ஐந்து பையன்களை அழைத்துக்கொண்டு பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கத்துக்குப் போனேன். 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டிய அரங்கம் அது. அதுவரை அங்கே நான் கைப்பந்து ஆட்டங்களை மட்டுமே பார்த்திருந்தேன். அணிகள் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தபோது பந்து ஒன்று எங்கள் வரிசைப் பக்கம் தெறித்து வந்தது. அதைப் பிடித்த பையன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி கனமா இருக்கு சார், காத்து கம்மி போல, எழும்பவே மாட்டேங்குது" என்றான். அது காற்றுக் குறைவல்ல. ஃபுட்சால் பந்து வழக்கமான பந்தைவிடச் சிறியது, எடையில் ஏறக்குறைய அதற்குச் சமம்; இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 50 முதல் 65 செ.மீ. வரை மட்டுமே எழும்ப வேண்டும் என்பது விதி.

அந்த விதியின் பொருள் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் விளங்கியது. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட தளத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர் நிற்கும்போது, எதிராளி எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறார்; பாதத்தின் உட்பக்கத்தால் பந்தை வாங்கினால் அது அரையடி முன்னால் உருளும், அந்த அரையடியே அவருக்குப் போதும். ஃபால்காவ் தம்மிடம் வந்த பந்துகளைப் பெரும்பாலும் உள்ளங்காலால் வாங்கினார். நிறுத்தினார் என்று சொல்வதும் சரியல்ல. பந்தின் தலையில் ஷூவின் முன்பாதத்தை வைத்தபடியே பின்னுக்கு இழுத்தார், பக்கவாட்டில் உருட்டினார், ஒரு கணம் அசையாமல் நின்றார். தலை நிமிர்ந்திருந்ததால் கண் பந்தைப் பார்க்கவே இல்லை. எதிராளி காலை நீட்டிய அடுத்த கணம் பந்து அவருடைய இடது காலுக்குப் போயிருந்தது.

என் பக்கத்து இருக்கையிலிருந்த பையன் என் தொடையைத் தட்டி, "சார், அவரும் மிதிக்கிறாரு சார்!" என்றான். மற்ற நால்வரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்றைய கோல் கணக்கைவிட அந்த ஐந்து முகங்கள்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, அதே அரங்கத்தில் ரொனால்டினோ ஐந்து கோல் அடித்தார். கோவா பெங்களூரை 7-2 என்று வென்றது. ஏழு மாதங்களுக்கு முன்பு கோவாவைத் தோற்கடித்ததற்காகப் பட்டாசு வெடித்த ஊர் அன்று கோவாவுக்காகத் தொண்டை வற்றக் கத்தியது. நானும் கத்தினேன். ஆனால் இரண்டே ஆட்டங்களோடு அவர் பிரேசிலுக்குத் திரும்பிவிட்டார். அவருக்குப் பதிலாக பிரேசிலின் முன்னாள் கேப்டன் காஃபு வந்தார். இறுதியில் கொச்சியை வென்று மும்பை பட்டம் பெற்றது. நம் அணி இறுதி ஆட்டம் வரை போகவில்லை. பெயருக்காக வந்த கூட்டத்தை ஆட்டத்துக்காக இருக்க வைக்க அந்தப் பத்து நாட்கள் போதவில்லை என்பது என் கணிப்பு.

இரண்டு மாதம் கழித்து, கொலம்பியாவில் நடந்த ஃபுட்சால் உலகக் கோப்பையில், ஈரானுக்கு எதிராக ஃபால்காவ் மூன்று கோல் அடித்தும் பிரேசில் பெனால்டியில் தோற்று வெளியேறியது. வென்ற ஈரான் வீரர்களே அவரைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடித்துக் கௌரவித்த காட்சியைக் கைபேசியில் பையன்களுக்குக் காட்டினேன். "நம்ம டீம் ஆளு சார்" என்றான் ஒருவன்.

சிமெண்டுத் தளத்தில் இப்போது வாரத்தில் இரண்டு நாள் உள்ளங்கால் பயிற்சி. பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் எடுக்கும் பக்கவாட்டு உதையை நான்கு நொடிக்குள் எடுக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக்கொண்டோம். விரலை நீட்டி எண்ணுவது என் வேலை. செய்து காட்டச் சொன்னார்கள் என்று முதல் நாள் நானும் பந்தின் மேல் காலை வைத்து இழுத்துப் பார்த்தேன். பந்து அங்கேயே நின்றது, நான்தான் உட்கார்ந்துவிட்டேன். கை கொடுத்துத் தூக்கிவிட்ட பையன், "முட்டியை லேசா மடக்கிக்கோங்க சார்" என்றான்.