வெலிங்டன்: நம்ம ஊரா, நியூசிலாந்தா, எது முதலில்?

கோவைவாசி:
விடிகாலை கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வெலிங்டனில் ஆட்டம்’ என்றதும் பக்கத்தில் இருந்த மகள், “குன்னூர் தாண்டினதும் மலை ரயில் நிற்குமே, அங்கேயாப்பா?” என்றாள். சிரித்தேன், ஆனால் பதில் தெரியவில்லை. இரண்டில் எது மூத்தது? பெயருக்குரிய வெலிங்டன் பிரபு நீலகிரிக்கு வந்திருக்கிறாரா?

அருவங்காட்டுக்காரன்:
வரவே இல்லை சார். நான் அந்தப் பக்கம் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். வெலிங்டன் என்பதே ஒட்டுப்பெயர்தான். பழைய பெயர் ஜெகதளா, படகர் ஊர். அந்தப் பெயரில் ஒரு பேரூராட்சி இன்றும் இருக்கிறது. பட்டாளக் குடியிருப்புக்கு 1860-இல் சென்னை கவர்னர் டிரெவெல்யன் பெயரை மாற்றினார். பிரபு செத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

ஆளின் சொந்தப் பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1799-இல் திப்புவை வீழ்த்திய ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். 1805-இல் கப்பலேறிவிட்டார். கோவை கலெக்டர் சல்லிவன் ஊட்டி மலை ஏறியதே 1819-இல்தான், அப்புறம் எங்கே வருவது!

பட்டப்பெயர் வந்த கதைதான் வேடிக்கை. 1809-இல் தலவேரா வெற்றிக்காகப் பட்டம் கொடுக்கிறார்கள், ஆள் ஸ்பெயினில் போர்க்களத்தில். எந்த ஊர்ப் பெயரில் பட்டம் என்று உடனே சொல்ல வேண்டும். லண்டனில் இருந்த அண்ணன் வில்லியம், குடும்பப் பெயரோடு ஓசை ஒத்துப்போகிறதே என்று சாமர்செட்டில் வெலிங்டன் என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். பிறகு 1814-இல் டியூக், அடுத்த வருஷம் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தார். அதற்குப் பிறகு கண்ட இடத்துக்கெல்லாம் அந்தப் பெயர்தான். நியூசிலாந்து ஊருக்கு 1840-இல் வைத்தார்கள், நமக்கு இருபது வருஷம் மூத்தது. முழங்கால் வரை போடும் ரப்பர் பூட்ஸும் அவர் பெயரில்தான், முதலில் அது தோல் பூட்ஸ்.

சுங்கைப்பட்டாணி:
அண்ணன்மார் கணக்கில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பினாங்குக்கு எதிர்க்கரை ‘புரொவின்ஸ் வெல்லெஸ்லி’ மூத்த அண்ணன் ரிச்சர்டின் பெயர், அப்போது அவர்தான் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். இப்போது செபராங் பிறை. எங்கள் தாத்தா கடைசிவரை பழைய பெயரைத்தான் சொன்னார்.

கொச்சி போட்மெயில்:
கொச்சித் தீவை யாரும் இதில் இழுக்க வேண்டாம். அது வில்லிங்டன், வேறு ஆள்! சென்னை கவர்னராக இருந்து பின்னால் வைஸ்ராய் ஆனவர். தமிழில் எழுதும்போது பாதிப் பேர் இரண்டையும் குழப்புகிறார்கள், எரிச்சலாக வருகிறது.

கோவைவாசி:
நன்றி சார். படித்துக் காட்டினேன். “அப்போ ஜெகதளாவில் ரயில் நிற்காதா?” என்கிறாள்.

அருவங்காட்டுக்காரன்:
நிற்காது பாப்பா. அருவங்காட்டில் இறங்கி மேலே ஏறணும். ஸ்வெட்டர் எடுத்துக்கோ.