ஒரே மாதிரி இருக்கிற கோழிகளுக்கு பேர் வைக்கிறது எப்படி?

ஹட்டன்_பொண்ணு:
எங்க லயத்துக்கு பின்னால ஆறு பிரவுன் முட்டைக்கோழி வளர்க்கிறோம், எல்லாம் ஒரே கலர். மகள் பேர் வைக்கணும்னு ஆசையா நிக்கிறா, ஆனா எது எதுன்னே தெரியல. என்ன பார்த்து அடையாளம் வைக்கலாம்?

பண்டாரவளை_அண்ணன்:
தங்கச்சி, இறகை நம்பாதீங்க, வருஷத்துக்கு ஒருக்கா கொட்டி புதுசா முளைக்கும், அப்ப கலரும் கொஞ்சம் மாறும். கொண்டையைப் பாருங்க. எத்தனை முனை இருக்கு, எந்தப் பக்கம் சாயுது, முனை எங்க உடைஞ்சிருக்கு, இதெல்லாம் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. அடைக்கு உட்கார்ந்தா கொண்டை சுருங்கி வெளுத்துப் போகும், ஆனா முனை எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும். மகளை ஒவ்வொண்ணையும் பக்கவாட்டுல படம் வரையச் சொல்லுங்க, பிள்ளைகளுக்கு இது நல்லா வரும்.

கொழுந்துக்கூடை:
கால்ல கலர் வளையம் போடுங்க அக்கா, ஆனா வளர்ற கோழின்னா அடிக்கடி தளர்த்திப் பார்க்கணும், இறுகினா கால் வீங்கிரும். பேர் சின்னதா கூப்பிட லேசா இருக்கணும், எங்க வீட்ல செவலை, சாம்பல், மொட்டைக்கழுத்தி. தீனி போடறப்ப பேரைச் சொல்லியே போடுங்க, அந்தச் சத்தத்துக்கு ஓடி வர பழகிரும்.

ஹட்டன்_பொண்ணு:
ரொம்ப நன்றி. கொண்டை சாஞ்சவளுக்கு இப்பவே மல்லின்னு வச்சிட்டா. வளையம் ஞாயித்துக்கிழமை டவுன்ல தேடுறேன்.