சிங்கப்பூர் வீட்டு வேலை: முதல் ஏழு மாதம் கையில் 20 வெள்ளிதானாம், சரியா?

டெல்டாக்காரன்

சித்தி மகளுக்கு சிங்கப்பூரில் வீட்டோடு தங்கும் வேலை வந்திருக்கிறது. வயது 31, பத்தாவது பாஸ். ஏஜெண்ட் சொல்வது இதுதான்: மாதம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), "எல்லாம் சேர்த்து". முதல் ஏழு மாதம் லோன் பிடித்தம், கையில் மாதம் 20 வெள்ளி. லீவே கிடையாது. ஊரில் தனியாக 40,000 ரூபாய் கட்ட வேண்டும். விசிட் விசாவில் கூட்டிப்போய் அங்கே வேலை பெர்மிட்டாக மாற்றித் தருவார்களாம், பாஸ்போர்ட் வீட்டுக்கார அம்மாவிடம் இருக்குமாம். இதில் எது வழக்கம், எது ஏமாற்று? பத்து நாளில் டிக்கெட் போடப் போகிறார்கள்.

உட்லண்ட்ஸ்வாசி

விசிட் விசா என்ற இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

புதிதாக வரும் பணிப்பெண்ணுக்கு அவர் சிங்கப்பூருக்கு வெளியே இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். மனிதவள அமைச்சு அனுமதித்ததும் ஐபிஏ என்ற கடிதம் வரும். அதைக் காட்டித்தான் உள்ளே வர வேண்டும். "வந்த பிறகு மாற்றிக்கலாம்" என்றால் பெர்மிட் இல்லாமல் வேலை வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பிடிபட்டால் முதலாளியோடு இவருக்கும் தண்டனை உண்டு.

தகுதியில் சிக்கல் இல்லை. 23 முதல் 50 வயதுக்குள் இருக்க வேண்டும், எட்டு வருடம் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முறையாகவே வரக்கூடியவரை ஏன் குறுக்கு வழியில் இழுக்கிறார்கள் என்று ஏஜெண்ட்டிடம் கேளுங்கள்.

இன்னொன்று. வளைகுடாவுக்கு ஈசிஆர் (வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் போகிறவர்களின் ஒப்பந்தத்தை நம் அரசு இமைக்ரேட் என்ற தன் இணையதளத்தில் ஒருமுறையாவது பார்க்கும். அந்த அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் சிங்கப்பூர் இல்லை. ஆகவே கிளம்பும் முன் இந்தத் தாளை யாரும் படித்துப் பார்க்க மாட்டார்கள். நீங்கள்தான் படிக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

"எல்லாம் சேர்த்து 600" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஆஃப் டேக்கு, அதாவது ஓய்வு நாளுக்கு, பதிலான காசு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

லோன்: மாதம் 580 வீதம் ஏழு மாதம், 4,060 வெள்ளி. இரண்டு வருடத்துக்கு 14,400 வர வேண்டிய இடத்தில் 10,340 வரும். அப்படிப் பார்த்தால் மாதச் சம்பளம் 600 அல்ல, சுமார் 430.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி பணிப்பெண்ணிடம் வாங்கக்கூடியது ஒப்பந்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. ஆறு மாதத்துக்குள் முதலாளி அனுப்பிவிட்டால் அதிலும் பாதியைத் திருப்ப வேண்டும். பிறகு எப்படி ஏழு மாதம்? ஊர்ப்பக்கத்து ஏஜெண்ட் செலவு, மெடிக்கல், டிக்கெட் எல்லாவற்றையும் "லோன்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி, முதலாளியிடம் முன்பணமாக வாங்கிவிடுகிறார்கள். முதலாளி அதைப் பெண்ணின் சம்பளத்தில் கழிக்கிறார். சிங்கப்பூர் ஏஜென்சிக்குள்ள உச்சவரம்பு ஊர் ஏஜெண்ட்டைக் கட்டுப்படுத்தாது. அந்த ஓட்டையில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது.

ஊர்க் கணக்குக்கும் வரம்பு உண்டு. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. ரசீது தர வேண்டும். 40,000 கேட்பவர் பெயர் இமைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊரில் ரொக்கமாக வாங்கிய அதே செலவு அங்கே லோனிலும் ஏறியிருக்கிறதா என்று அடுத்து பாருங்கள். பெரும்பாலும் ஏறியிருக்கும்.

டெல்டாக்காரன்

போன் போட்டுக் கேட்டேன். அடிப்படை 520, மாதம் நாலு ஆஃப் டேக்கு 20 வீதம் 80, மொத்தம் 600 என்கிறார். நியாயமாகத்தானே இருக்கிறது?

கணக்குப்பிள்ளை

வகுத்தது சரி. ஒரு நாள் கூலி என்பது மாத அடிப்படையை 26-ஆல் வகுத்தது. 520-ஐ வகுத்தால் 20. ஆனால் நாலையும் விற்க முடியாது. 1.1.2023 முதல் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது கட்டாயம் நாளாகவே கொடுக்க வேண்டும், காசாகக் கொடுத்து ஈடுகட்டக் கூடாது. இவர் கையில் இருப்பது பழைய தாள்.

ஆக வரப்போவது 600 அல்ல: 520 + 60 = 580, கூடவே ஒரு நாள் ஓய்வு. 600-தான் வேண்டுமென்றால் அடிப்படையை 540-க்கு ஏற்றச் சொல்லுங்கள், மூன்று நாள் காசோடு சேர்த்து 602 வரும். ஏஜென்சிக் கட்டணத்தின் வரம்பும் (இரண்டு மாதச் சம்பளம்) 600 கணக்கில் 1,200 இல்லை, அடிப்படை 520 கணக்கில் 1,040. லோன் 4,060-இல் மீதி 3,020 வெள்ளி எதற்கு? வரி வரியாக எழுத்தில் கேளுங்கள்.

பிரம்மபுத்திரா

அந்த ஒரு நாளை ஏன் விற்க முடியாதபடி வைத்தார்கள் என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுங்கள். 2016-இல் மியன்மாரிலிருந்து வந்த 24 வயதுப் பணிப்பெண் ஒருவர் முதலாளி வீட்டில் அடியும் பட்டினியும் பட்டு இறந்தார். இறந்தபோது எடை 24 கிலோ. அவருக்கு ஆஃப் டேயும் கிடையாது, போனும் கிடையாது. முதலாளியம்மாவுக்கு 2021-இல் 30 ஆண்டுச் சிறை. அதே ஆண்டில்தான் கட்டாய ஓய்வு நாளை அறிவித்தார்கள். வெளியே ஒருவரிடமாவது பேச வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். "லீவு வேண்டாம், காசாகக் கொடுங்கள்" என்று பெண்களே கேட்பதுண்டு, லோன் கழுத்தை நெரிக்கும்போது வேறென்ன கேட்பார்கள்?

பாஸ்போர்ட்டும் பெர்மிட் அட்டையும் அவரிடமே இருக்க வேண்டும். "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று முதலாளி வாங்கி வைப்பது தப்பு. சம்பளத்தையும் அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது, 2019 ஜனவரியிலிருந்து தடை. பணிப்பெண் கேட்டால் வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். கேட்கச் சொல்லுங்கள். ரொக்கமாக வாங்கினால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

தெம்பனிஸ் அக்கா

முதலாளி பக்கம் நிற்கிறவள் நான், அதனால் நேராகவே சொல்கிறேன். பணிப்பெண் வைப்பதற்கு அரசுக்குக் கட்டும் மாத லெவி 300 வெள்ளி (குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டுக்கு 60), 5,000 வெள்ளி செக்யூரிட்டி பாண்ட் (அரசுக்குக் கொடுக்கும் பிணை), இன்சூரன்ஸ், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெடிக்கல், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் எங்கள் தலையில். இதில் ஒரு காசு அவர் சம்பளத்தில் பிடித்தாலும் குற்றம். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம். ஊருக்கு அனுப்பும்போது பாக்கி எல்லாம் தீர்த்து, டிக்கெட்டும் எங்கள் செலவு.

சட்டத்தில் இல்லாததையும் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தபட்சக் கூலி கிடையாது. வேலை நேரத்துக்கு வரம்பு கிடையாது, ஓவர்டைம் கிடையாது. வேலைவாய்ப்புச் சட்டம் வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது. அதனால் எத்தனை பேர் உள்ள வீடு, கைக்குழந்தை உண்டா, படுத்த படுக்கையில் யாராவது உண்டா என்று இப்போதே கேளுங்கள். வந்த பிறகு பேரம் பேச முடியாது. பெர்மிட்டில் உள்ள வீட்டில் மட்டும்தான் வேலை. அண்ணன் வீட்டைக் கூட்டு, கடையில் வந்து பாத்திரம் கழுவு என்றால் அது சட்டவிரோதம்.

சாப்பாட்டுக்கு அமைச்சு ஒரு மாதிரியே கொடுத்திருக்கிறது: காலைக்கு நாலு துண்டு ரொட்டி, மதியம் சோறு, முக்கால் கப் காய், உள்ளங்கை அளவு மீனோ கறியோ, ஒரு பழம். மிச்சம் மீதியைத் தள்ளிவிடும் வீடுகளுக்காகத்தான் இவ்வளவு துல்லியமாக எழுத வேண்டி வந்தது!

டெல்டாக்காரன்

விசிட் விசா வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஐபிஏ வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

உட்லண்ட்ஸ்வாசி

அடிப்படைச் சம்பளம், மாதத்தில் எத்தனை ஓய்வு நாள், முதலாளி பெயர், முகவரி. வாயால் சொன்னதற்கும் இதற்கும் ஒரு வெள்ளி வித்தியாசம் இருந்தாலும் ஏறக் கூடாது. அமைச்சிடம் வழக்கு போனால் முதலில் பார்ப்பது இந்தத் தாளைத்தான். பணிப்பெண்ணுக்கென்று தனிப் பிரதி உண்டு, கிளம்பும் முன்பே கைக்கு வர வேண்டும். அமைச்சின் தளத்தில் ஏஜென்சியின் உரிமத்தையும் தேடிப் பாருங்கள்.

ஐபிஏவைப் போட்டோ எடுத்து நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொடுங்கள்: தேதி, வேலை பார்த்த ஓய்வு நாள், கையில் வாங்கிய காசு, லோனில் கழித்தது. வெற்றுத் தாளிலோ வாங்காத சம்பளத்துக்கோ கையெழுத்து வேண்டாம். இரண்டு நம்பரைப் போனில் மட்டும் போடாமல் நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள், போனைப் பிடுங்கி வைக்கும் வீடும் இருக்கிறது: அமைச்சின் பணிப்பெண் உதவி எண் 1800 339 5505, வீட்டுப் பணியாளர் நிலையம் 1800 2255 233 (24 மணி நேரமும்). அடிதடி என்றால் 999. சம்பளம் தராமல் விமான நிலையத்துக்கே கொண்டுபோய்விட்டால் குடிநுழைவு அதிகாரியிடம் அங்கேயே சொல்லலாம், விமானம் ஏறிவிட்டால் பாக்கியை வாங்குவது கஷ்டம்.